அழகன் மகன் மெக்கன்சி: ஒரு கெயிலிக் குடும்பப்பெயரும் நம் தந்தைபெயர் மரபும்



அலோர் காஜா வட்டாரத்துத் தமிழாசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். அவரிடம் பயின்ற மாணவி ஒருத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பத்தில் 'குடும்பப்பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குச் செல்ல இயலவில்லை. வேறு வழியின்றித் தந்தையின் பெயரை அதில் இட்டாள். சில வாரங்களில் வந்த மறுமொழி அவளை அவள் தந்தையின் பெயராலேயே விளித்தது. நடுவில் நின்ற 'ஏ/பி' என்னும் எழுத்துகள் அவளுடைய இரண்டாம் பெயராகப் பதிவாகியிருந்தன. அவள் ஆசிரியரிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, எல்லாருக்கும் குடும்பப்பெயர் இருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் இல்லை?"

அக்கேள்வியில் ஒரு குறையுணர்வு ஒளிந்திருக்கிறது. குடும்பப்பெயர் உடையோர் தொன்மையுடையோர் என்றும், அஃது இல்லாதோர் ஏதோ ஒன்றை இழந்தோர் என்றும் நம் பிள்ளைகள் எண்ணத் தொடங்கியுள்ளனர். அவ்வெண்ணம் சரியா என்பதை ஆராய, தமிழ் மாணவர் நன்கறிந்த அயல்நாட்டுப் பெயர் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். அது மெக்கன்சி என்னும் பெயர்.

மெக்கன்சி என்பவர் யார்?

தமிழ்நாட்டு வரலாற்றைப் பயில்வோர் 'மெக்கன்சி சுவடிகள்' என்னும் தொடரைக் கேளாதிருக்க முடியாது. காலின் மெக்கன்சி 1754-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். 1783-இல் சென்னைக்கு வந்து கும்பினிப் படையின் பொறியாளரானார். மைசூர் நிலப்பகுதியை அளந்தார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பெற்று, 1821-இல் மறைந்தார். அளவைப் பணியினூடே ஓலைச்சுவடிகள், கல்வெட்டுப் படிகள், காசுகள், ஊர்தோறும் வழங்கிய 'கைபீது' என்னும் வரலாற்றுக் குறிப்புகள் ஆகியவற்றைப் பல்லாயிரக் கணக்கில் திரட்டினார். அவற்றுள் ஒரு பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் உள்ளது.

மெக்கன்சிக்குத் தென்னிந்திய மொழிகளில் புலமை இல்லை. அவர்தம் தொகுப்பு காவலி வெங்கட பொரய்யா, காவலி வெங்கட லட்சுமய்யா முதலிய உடன்பிறப்புகளின் உழைப்பால் உருவானது. அவர்கள் பெயரமைப்பையும் ஈண்டு நோக்குக. தெலுங்கர் மரபில் 'காவலி' என்னும் வீட்டுப்பெயர் முன்னே நிற்கிறது. இயற்பெயர் பின்னே வருகிறது. மெக்கன்சிக்கோ குடும்பப்பெயர் இறுதியில் நின்றது. ஒரே பணியில் ஈடுபட்ட மூவரின் பெயர்களிலேயே இருவேறு ஒழுங்குகள் இருந்தன.

நம் மலாக்காவிற்கும் இவர் வாழ்வுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1811-இல் ஜாவாவைக் கைப்பற்றப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பற்படை மலாக்காத் துறைமுகத்தில்தான் திரண்டது. அப்படையெடுப்பில் பொறியாளர் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் மெக்கன்சி. அன்று மலாக்காவில் சிறுவராக இருந்து படைகளின் வருகையைக் கண்ட முன்ஷி அப்துல்லா, பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் அதனை எழுதி வைத்துள்ளார். தமிழையும் கற்றிருந்த அப்பெருமகனார் பெயர் அப்துல்லா பின் அப்துல் காதிர். 'பின்' என்பது அரபு மொழியில் 'மகன்' என்று பொருள்படும். மெக்கன்சி என்பதன் முதலுறுப்புக்கும் அதுவே பொருள்.

பெயரின் உறுப்புகள்

மெக்கன்சி என்பது கெயிலிக் மொழிப் பெயர். கெயிலிக் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் வழங்கும் கெல்திய மொழி. அயர்லாந்து மொழிக்கு நெருங்கிய உறவுடையது. அம்மொழியில் இப்பெயரின் ஒலிவடிவம் ஏறத்தாழ 'மாக் கொஞ்ஞிக்' என்பதாகும். 'மாக்' என்றால் மகன். 'கொஞ்ஞக்' என்பது ஆண்பாற் பெயர். 'மாக்' என்பதை அடுத்து வரும்போது ஆறாம் வேற்றுமைப் பொருளில் அதன் ஈறு திரிந்து 'கொஞ்ஞிக்' என நிற்கிறது. ஆகவே 'கொஞ்ஞக் என்பவனின் மகன்' என்பது பெயரின் நேர்ப்பொருள்.

'கொஞ்ஞக்' என்பதன் பழைய வடிவம் 'கஞ்ஞெக்'. அழகு, செம்மை எனப் பொருள்படும் பழைய அயர்லாந்துச் சொல்லின் அடியாகப் பிறந்தது. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அயர்லாந்துத் துறவி ஒருவர் இப்பெயர் பூண்டிருந்தார். அவர் பெயரால் எழுந்த தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊரே இன்றைய கில்கென்னி நகரம். ஆதலின் மெக்கன்சி என்பதைத் தமிழாக்கினால் 'அழகன் மகன்' என்றாகும். அழகர் என்றும் அழகப்பன் என்றும் பெயரிடும் நமக்கு இஃது அயலாகத் தோன்றாது.

சில பெயரகராதிகள் இதற்குத் 'தீயிற் பிறந்தவன்' என்று பொருள் கூறும். அப்பிழைக்கு ஒரு காரணம் உண்டு. கெயிலிக் மொழியில் 'கினாயத்' என்னும் வேறொரு பெயரும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோர் இரண்டையும் 'கென்னத்' என்று ஒன்றாக்கிவிட்டனர். வேறு வேறு வேருடைய இரு பெயர்கள் ஓர் எழுத்துக்கூட்டில் கலந்ததால் ஒன்றன் பொருள் மற்றொன்றுக்கு ஏறியது.

எழுத்து செய்த திரிபு

மூலத்தில் 'ஞி' என ஒலித்தது 'ன்சி' ஆனது எவ்வாறு என்று மாணவர் வினவலாம். வரலாற்றில் இவ்விடமே நமக்குப் பெரிதும் பயன்படுவது.

ஞகர ஒலிக்கு உரோமன் எழுத்தில் தனி வடிவம் இல்லை. இடைக்கால ஸ்காட்லாந்து எழுத்தர் அவ்வொலியைக் குறிக்க 'என்' எழுத்தையும், 'யோக்' என்றழைக்கப்பட்ட ஓர் எழுத்தையும் சேர்த்து எழுதினர். யோக், மூன்று என்னும் எண்ணைப் போன்ற வடிவுடையது. 1508-இல் ஸ்காட்லாந்தில் அச்சுக்கலை தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் யோக் இல்லை. அதனோடு வடிவொத்திருந்த 'இசட்' எழுத்தை அச்சிடுவோர் அதற்கு மாற்றாக இட்டனர். மக்கள் நாவில் பெயர் முன்போலவே ஒலித்தது. காலப்போக்கில் படித்தோர், ஏட்டில் கண்டவாறே 'இசட்' ஒலியோடு பெயரை உச்சரிக்கலாயினர். பழைய ஒலி பின்வாங்கி, எழுத்து வென்றது. மென்சீஸ் என்று எழுதப்படும் மற்றொரு ஸ்காட்லாந்துப் பெயரை இன்றும் 'மிங்கிஸ்' என்று பழைய முறையில் ஒலிப்போர் உண்டு. மெக்கன்சிக்கு அந்த வாய்ப்பு நிலைக்கவில்லை.

தமிழ் எழுத்தாளன் ஒருவன் அன்று ஸ்டோர்னோவேயில் இருந்திருப்பின் ஞகரத்தை இட்டு அப்பெயரைப் பிழையின்றி எழுதியிருப்பான். நம்மிடம் அவ்வெழுத்து இருந்தது, அவர்களிடம் இல்லை. இதற்காக நாம் பெருமிதம் கொள்வதற்கு முன் நம் வீட்டையும் பார்த்தல் வேண்டும். நம் ழகரத்திற்கு உரோமன் எழுத்தில் இடமில்லை. யாழினி, எழிலரசி, கனிமொழி என்னும் பெயர்கள் அடையாள அட்டைகளில் ஒருவருக்கு 'எல்' கொண்டும், மற்றொருவருக்கு 'இசட்', 'எச்' இரண்டும் கொண்டும் எழுதப்படுகின்றன. அயலார் அந்த 'இசட்'டை அப்படியே ஒலிக்கின்றனர். நம் பிள்ளைகள் சிலரும் தம் பெயரை அவ்வாறே சொல்லத் தொடங்கியுள்ளனர். மெக்கன்சிக்கு நேர்ந்தது நம் கண்முன் மீண்டும் நேர்கிறது.

தோட்டங்களில் பிறந்த மூத்தோர் பலருக்கு இதன் மற்றொரு முகம் தெரியும். எழுதப்படிக்கத் தெரியாத தந்தை வாயால் சொன்ன பெயரை, தமிழறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு பிறப்புப் பத்திரத்தில் எழுதினார். உடன்பிறந்த மூவருக்குத் தந்தையின் பெயர் மூன்று விதமாக அமைந்த குடும்பங்களை நாம் அறிவோம். சொத்துரிமைக்கும் ஓய்வூதியத்திற்கும் அலுவலகப் படியேறிய பிறகே அவர்கள் அவ்வேறுபாட்டை உணர்ந்தனர்.

'மாக்' என்பதும் 'மகன்' என்பதும் ஒன்றா?

தமிழ் மேடைகளில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. 'மாக்' என்றாலும் மகன், 'மகன்' என்றாலும் மகன். ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால் கெயிலிக் மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்வோரும் உளர். மொழியியல் பயின்றோர் என்ற முறையில் இதற்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு.

இரு மொழிச் சொற்கள் ஒத்திருக்க மூன்று காரணங்கள் உண்டு: பிறப்புரிமை, கடன், தற்செயல்.

பிறப்புரிமைக்குச் சான்று கெயிலிக் 'மாக்' என்பதும் வேல்ஸ் மொழியின் 'மாப்' என்பதும். ஒன்றில் ககரமும் மற்றொன்றில் பகரமும் நிற்பது ஒழுங்கான திரிபு. 'தலை' என்பதற்குக் கெயிலிக்கில் ககரத்தில் தொடங்கும் சொல், வேல்ஸில் 'பென்'. 'நான்கு' என்பதற்கு அங்கே ககரம், இங்கே 'பெட்வார்'. சொல்லுக்குச் சொல் இவ்வொழுங்கு மாறாது வருதலின் இவை ஒருதாய் மக்கள் என்கிறோம். நம் மொழிக் குடும்பத்திலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. தமிழில் பால், பல், பெயர் என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹெசரு என வருகின்றன. சொல் முதற் பகரம் அங்கே ஹகரமாகிறது.

கடனுக்குச் சான்று நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே உள்ளது. 'காஜா' என்னும் மலாய்ச் சொல் யானையைக் குறிக்கும். அது வடமொழி 'கஜ' என்பதிலிருந்து வந்தது. மலாய் மொழியும் வடமொழியும் ஒரே குடும்பத்தவை அல்ல. வணிகமும் சமயமும் சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தன.

தற்செயலுக்குச் சான்றுதான் 'மாக்'கும் 'மகன்' என்பதும். தமிழில் மக, மகவு, மகள், மக்கள் என ஒரு குடும்பமே நிற்கிறது. கன்னடத்தில் 'மக', 'மகளு' என்பன வழங்குகின்றன. 'அன்' என்பது ஆண்பால் ஈறு. கெயிலிக் 'மாக்' என்பதற்கோ மூலவடிவம் 'மக்வாஸ்' என்பது போன்றது. அதிலிருந்த 'க்வ' ஒலியே வேல்ஸில் பகரமாயிற்று. இரண்டிற்கும் இடையே ஒலியொழுங்கு எதனையும் காட்ட முடியாது. கண், கை, ஒன்று, இரண்டு முதலிய அடிப்படைச் சொற்களிலும் இரு மொழிகளுக்கும் ஒற்றுமை இல்லை. கடன் என்பதற்கும் வரலாற்றுச் சான்று இல்லை.

திராவிட மொழிகள் வடமொழியின் கிளை அல்ல. தனிக் குடும்பம் என்பதை எல்லீசு 1816-இல் எடுத்துரைத்தார். 1856-இல் கால்டுவெல் விரிவான ஒப்பிலக்கணத்தால் அதனை நிலைநாட்டினார். அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர் கால்டுவெல். தோற்ற ஒற்றுமையை ஒதுக்கி ஒலியொழுங்கைத் தேடும் அம்முறையே தமிழின் தனித்தன்மைக்குச் சான்றளித்தது. நமக்கு உவப்பான இடத்தில் அம்முறையை ஏற்று, உவப்பில்லாத இடத்தில் கைவிடுதல் முறையாகாது.

கல்லில் நின்ற 'மகன்'

சொல்லால் உறவில்லை எனினும் வழக்கால் ஒற்றுமை உண்டு. அவ்வொற்றுமை வியப்பூட்டுவது.

அயர்லாந்திலும் பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதிகளிலும் ஓகம் என்னும் கோட்டெழுத்துக் கற்கள் நிற்கின்றன. பெரும்பாலும் 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அவற்றின் வாசகம் மிக எளியது: இன்னாருடைய கல், இன்னார் மகனுடையது. 'மகனுடைய' என்பதற்கு அக்கற்களில் 'மக்வி' என்னும் பழைய வடிவம் வெட்டப்பட்டுள்ளது. 'மாக்' என்பதன் முன்னோர் அதுவே.

கரூரை அடுத்த புகளூரில் ஆறுநாட்டார் மலைக்குச் செல்வோம். அங்கே தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ 2-ஆம் நூற்றாண்டினது. சமணத் துறவி ஒருவர்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த சேர இளவரசன் இளங்கடுங்கோவை அது குறிக்கிறது. செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகள் 'மகன்' என்னும் ஒரே சொல்லால் கோக்கப்பட்டுள்ளன.

சங்கப் புலவர் பெயர்களிலும் இவ்வழக்கு உண்டு. நக்கீரரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று பழந்தொகைகள் குறிக்கின்றன. தொல்காப்பியம் இதற்குப் புணர்ச்சி விதியே வகுத்தது. ஆதன் என்பதும் தந்தை என்பதும் சேர்ந்து ஆந்தை என்றாகும். பூதனும் தந்தையும் சேர்ந்து பூந்தை என்றாகும். பிசிராந்தையார் பெயரில் அவ்'ஆந்தை'யைக் காண்கிறோம். சாத்தன் மகன் கொற்றன் என்பதைச் சாத்தங்கொற்றன் என்று சுருக்கும் வழக்கையும் உரையாசிரியர்கள் காட்டுகின்றனர். தந்தை மக்கள் உறவைப் பெயருக்குள் வைப்பதற்கு இலக்கணம் கண்ட மொழி நம் மொழி.

ஆகவே அம்மாணவியின் கேள்விக்கு முதல் விடை இது: நமக்குப் பெயர்மரபு இல்லாமல் இல்லை, அது வேறு வடிவில் இருக்கிறது.

உயிருள்ள 'மகன்', உறைந்த 'மகன்'

மெக்கன்சிகளும் தொடக்கத்தில் நம்மைப் போன்றவர்களே. கெயிலிக் மக்களிடையே ஒருவன் தந்தையின் பெயராலும் பாட்டன் பெயராலும் அறியப்பட்டான். மகனுக்கு 'மாக்' மாறிக்கொண்டே வந்தது. குலத்தலைவனின் முன்னோன் ஒருவன் பெயர் மட்டும் காலப்போக்கில் உறைந்து குலப்பெயராயிற்று. அக்குலத்தின் நிலத்தில் வாழ்ந்தோரும் அதனை ஏற்றனர். 1610 அளவில் லூயிஸ் தீவு மெக்கன்சி தலைவர் வசமானது. ஆகையால் அப்பெயருடையோர் அனைவரும் ஒரே குருதி என்று கொள்வதற்கில்லை.

குலம் பெருகியபின் குலக்கதையும் பிறந்தது. அயர்லாந்திலிருந்து வந்த ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் உயர்குடியினன் ஒருவன் சீறிவந்த கலைமானிடமிருந்து ஸ்காட்லாந்து மன்னனைக் காத்தான். அவனே எம் முதல்வன் என்று 17-ஆம் நூற்றாண்டுக் குலவரலாறுகள் எழுதின. பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. தென்னாட்டில் மெக்கன்சி திரட்டிய கைபீதுகளிலும் இத்தகைய குலக்கதைகள் நிறைய உள. அவற்றைத் தொகுத்தவரின் சொந்தப் பெயருக்குப் பின்னும் அப்படி ஒரு கதை நின்றது.

பெண்பாலுக்கு வருவோம். கெயிலிக் மொழியில் பெண்ணுக்கு 'மாக்' என்பது பொருந்தாது. 'மகனின் மகள்' என்னும் தொடர் குறுகி 'நிக்' என்றாகி அவள் பெயர் முன் நிற்கும்: 'நிக் கொஞ்ஞிக்'. ஆங்கில ஏட்டிலோ அவளும் மெக்கன்சிதான், அழகன் 'மகன்'தான். நம் நாட்டில் ஆணுக்கு 'அனாக் லெலாகி' என்பதன் சுருக்கமான ஏ/எல்; பெண்ணுக்கு 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கமான ஏ/பி. மகன், மகள் என்னும் வேறுபாடு நம் ஏட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருமணத்திற்குப் பின்னும் நம் பெண்கள் தந்தையின் மகளாகவே அடையாள அட்டையில் நிற்கின்றனர். பெயர் மாற்றம் வேண்டியதில்லை. குடும்பப்பெயர்க் கட்டம் கேட்கும் நாடுகளில் இதை விளக்குவது சிறிது தொல்லைதான். மரபின் குறையன்று அது, படிவத்தின் குறை.

பெயர் உறைந்த தமிழரும் மலாக்காவில் உண்டு. சுல்தான்கள் காலத்தில் வணிகராக வந்து இங்கேயே மணமுடித்த தமிழரின் வழித்தோன்றல்களான மலாக்காச் செட்டிகள் காஜா பெராங் பகுதியில் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுமொழி மலாய், சமயம் சைவம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்தம் முன்னோர் கண்டது. பிள்ளை, செட்டி, நாயக்கர் என்னும் பெயர்கள் அவர்களிடையே தந்தையிடமிருந்து மக்களுக்குக் குடும்பப்பெயராகவே வருகின்றன. அவற்றுள் 'பிள்ளை' என்பது நம் பொருளுக்கு நெருங்கியது. முதற்பொருள் குழந்தை. திருஞானசம்பந்தர் 'ஆளுடைய பிள்ளையார்' எனப் போற்றப்பட்டதில் அச்சொல் உயர்வு பெற்றது. கணக்கப்பிள்ளை என்பதில் பதவியைக் குறித்தது. பின்னர்ப் பட்டமாகிச் சாதிப்பெயராகி, மலாக்காவில் குடும்பப்பெயராகி நின்றது. மகன் என்னும் சொல் ஸ்காட்லாந்தில் குலப்பெயரின் பகுதியானது போலவே, பிள்ளை என்னும் சொல் இங்கே உறைந்தது.

இங்கே ஒரு துயரமும் உண்டு. மலாக்காச் செட்டிகளிடம் தமிழ்ப்பெயர் நின்றது, தமிழ் நிற்கவில்லை. ஸ்காட்லாந்திலும் அவ்வாறே. மெக்கன்சி, கேமரன், கேம்பல் என்னும் கெயிலிக் பெயர்கள் உலகெங்கும் பரவியுள்ளன. நாம் தேயிலை காணச் செல்லும் கேமரன் மலையும் 1885-இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரன் பெயரைத் தாங்குகிறது. 'வளைந்த மூக்கு' என்பது அக்குலப்பெயருக்குக் கூறப்படும் பொருள். ஆயினும் 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் கெயிலிக் பேசுவோர் ஏறத்தாழ 57 ஆயிரம் பேரே. பெயரைத் தாங்குவோரில் மிகப் பலருக்கு அதன் பொருள் தெரியாது. குடும்பப்பெயர் மொழியைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் மரபில் தந்தையின் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. அதனால் ஒரு வாய்ப்பும் ஓர் இடரும் உண்டு. ஒவ்வொரு தந்தையும் பெயரால் நினைக்கப்படுகிறார், இது வாய்ப்பு. பாட்டன் பெயர் ஏட்டிலிருந்து மறைகிறது, இஃது இடர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மூடப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பாட்டன் பெயரைச் சொல்லத் தெரிந்தவரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

ஆதலால் வகுப்பில் ஒரு சிறு பணியைச் செய்விக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் பெயரையும், தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களையும் தமிழெழுத்தில் எழுதட்டும். தாய்வழியையும் அவ்வாறே எழுதட்டும். அடையாள அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டை அதன் எதிரே குறித்து, எங்கே ஒலி திரிந்தது என்று காணட்டும். பொருள் தெரியாத பெயருக்குக் கற்பனையாகப் பொருள் கூறாமல் வீட்டு மூத்தோரைக் கேட்கட்டும். இதற்கு நூலகம் வேண்டா. பாட்டி வீட்டில் ஒரு மாலைப்பொழுது போதும்.

அம்மாணவி இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறாள். பதிவேட்டைத் திருத்தித் தருமாறு அவள் எழுதிய கடிதத்தில், 'ஏ/பி என்பது என் பெயரன்று; இன்னாருடைய மகள் நான் என்பதை அது குறிக்கிறது' என்று விளக்கியிருந்தாளாம். ஆசிரியர் அதை நம்மிடம் சொன்னபோது, புகளூர்க் கல்லில் மூன்று தலைமுறைகளைக் கோத்து நிற்கும் அந்தச் சொல்தான் நம் நினைவுக்கு வந்தது.